விருந்தாளிக்காக வெட்டிய வயல்

லண்டனின் கிழக்கு ஓரத்தில், வீடுகள் முடிகிற இடத்தில், என் தங்கையின் கணவர் ஆறு ஏக்கர் வாங்கினார். மனோர் பார்க்கில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். கத்தரியும் பயற்றங்காயும் தானே விளைவிப்பது அவர் எண்ணம். மூன்று கோடைகளில் முட்செடிதான் விளைந்தது. மீதியை ஓடை வெள்ளம் மூடியது. தங்கை விற்கச் சொன்னாள்.

அப்போதுதான், நிலத்தைப் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் விட்டுவைக்கும் விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுப்பதைக் கேள்விப்பட்டார். இதில் எடுபட்டால் காணி தப்பும், இல்லாவிட்டால் விற்பனை. பத்திரிகையில் வேலை செய்தவன் படிவமும் நிரப்புவான் என்று என்னைப் பிடித்தார்.

எல்லா நிலத்தையும் எடுப்பதில்லை. புள்ளி போட்டுப் பொறுக்குகிறார்கள். வெள்ளம் நிற்குமா, செடிவேலி அடர்த்தியா, குளிர்காலத்தில் குருவிகள் தின்ன விதையுள்ள களை இருக்கிறதா. நான் வாசிக்க வாசிக்க அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப வகுப்பில என்ர காணிதான் முதலாம் பிள்ளை, மச்சான்."

"ஓம். நீர் மூண்டு வருசம் தோத்ததெல்லாம் இஞ்ச தகுதி."

வரைபடத்தை வைத்துப் போட்ட புள்ளியில் காணி தேறியது. ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி நேரில் வருவதாகக் கடிதம் வந்தது.

பத்தரைக்கு நான் போனபோது வயல் சவரம் செய்த முகம் போல இருந்தது. ஒரு களை இல்லை. செடிவேலி முழங்காலளவுக்கு மட்டமாக வெட்டப்பட்டிருந்தது. வாசலில் உட்கார இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பிளாஸ்க், ஒரு பெட்டி வடை. மச்சான் மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார்.

"என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

"கவுன்மென்ற் ஆள் வருது. காடு மாதிரிக் காட்டேலுமே? ரெண்டு நாள் கடையைப் பூட்டிப்போட்டு வெட்டினனான்."

"அந்தக் காட்டுக்குத்தான் புள்ளி."

அவர் பிளாஸ்கைத் திறந்து, திரும்ப மூடினார். "இப்ப என்ன செய்யிறது?"

"அரை மணித்தியாலம் இருக்கு. திரும்ப நடும்."

அதிகாரி இளம் பெண். சொன்ன நேரத்துக்கு வந்தார். வயல் முழுக்க நடந்தார். மிகவும் சுத்தமாக இருக்கிறது என்று, துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார். மச்சான் நன்றி சொல்லி வடையை நீட்டினார்.

பிறகு ஓடையோர மூலைக்குப் போனோம். வாடகைக்கு எடுத்த புல்வெட்டும் இயந்திரம் அங்கே சேற்றில் பாதி புதைந்து நின்றது. அதற்கு அப்பால் நாணலும் முள்ளும் ஆளுயரத்துக்கு அப்படியே இருந்தன. அதிகாரி குனிந்து பார்த்தார், படம் எடுத்தார். இதை மட்டும் ஏன் வெட்டவில்லை என்று கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஓடையைப் பார்த்தேன்.

"சில இடங்களை இயற்கைக்கு விட வேண்டும்," என்றார் மச்சான், நல்ல ஆங்கிலத்தில்.

அதிகாரி இயந்திரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

சில மாதங்களில் பதில் வந்தது. அந்த மூலை மட்டும் எடுபட்டது. மீதிக்கு அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம். அதுவரை எதையும் வெட்டக் கூடாது. தங்கை விற்கும் பேச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தாள். செடி வெட்டும் கத்தரிக்கோலைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.