வாடை – இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, என் மூக்கு வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது.

சளி இல்லை. காய்ச்சல் இல்லை. மல்லிகைப்பூ மணக்கிறது, காபி மணக்கிறது, பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் சுவர் தாண்டி வந்து கூப்பிடுகிறது. ஒரே ஒரு வாடை மட்டும்தான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டாக்டர்கூட இல்லை – நாமக்கல்லில் இருந்து வந்த ஒரு டிரெய்லர் டிரைவர்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. ஆம்பூரில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்ட் பார்ப்பவள் நான். எங்கள் ஊர் ஷூவும் தோலும் கப்பல் ஏறும்போது கூடவே ஒரு கட்டு பேப்பர் போகும். அந்தப் பேப்பரை எழுதுகிறவள்.

இந்த முறை போக வேண்டியது ஷூ இல்லை. தோல் பதனிடும் ஒரு டேனரியின் பழைய ஸ்டீல் டிரம்.

டிரம் என்றதும் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை நினைத்துவிடாதீர்கள். நாலு பேர் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். வாஷிங் மெஷின் மாதிரி படுத்தபடி சுற்றும். பச்சைத் தோலைப் போட்டு, சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீரில் சுற்றவிட்டால் தோலில் இருக்கிற முடியெல்லாம் உதிர்ந்துவிடும். இங்கே புது டிரம் வந்துவிட்டது. பழையதை எத்தியோப்பியாவில் ஒரு டேனரி வாங்கிக்கொண்டது.

இந்த மாதிரி மெஷின்களுக்கென்று விதிகள் உண்டு. கப்பல் கம்பெனிக்காரர்கள் அனுப்பும் அந்தப் பக்கங்களை ராத்திரி தூக்கம் வருவதற்காக வாசிப்பவர்கள் உண்டு. நான் ரசித்து வாசிப்பேன்... சிரிக்காதீர்கள். அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. கெமிக்கல் இருந்த பாத்திரம் காலியாகிவிட்டாலும் அதை நிரம்பியதாகவே நினைக்க வேண்டும். கழுவி, காயவைத்து, உள்ளே எச்சம் எதுவும் இல்லை என்று நிரூபித்த பிறகுதான் அதைக் காலி என்று சொல்லலாம். நிரூபிக்க முடியவில்லையா? அப்படியானால் அது ஆபத்தான சரக்கு. அதற்கு வேறு லேபிள், கப்பலில் வேறு இடம், ஓட்டிப் போகிற டிரைவருக்கே தனிப் பயிற்சி.

யோசித்துப் பார்த்தால் நம் சமையலறையிலும் இதே விதிதானே? மண்ணெண்ணெய் கேன் காலியாகிவிட்டது என்று அதில் யாராவது மோர் ஊற்றுவார்களா?

எனக்கு இந்த விதியை வாசிக்கும்போதெல்லாம் மனசு எங்கோ போய்விடும். ஆள் காலி பண்ணிப் போன வாடகை வீட்டுக்குள் நுழைந்திருக்கிறீர்களா? சுவரில் காலண்டர் மாட்டிய இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாக இருக்கும். ஜன்னல் கம்பியில் ஒரு ரப்பர் பேண்ட். வீடு காலிதான்... ஆனாலும் அவர்கள் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று தோன்றும். கப்பல் விதி எழுதிய ஆளும் அப்படி ஒரு வீட்டுக்குள் நின்று யோசித்திருப்பாரோ என்னவோ.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

டேனரியில் எனக்காகக் காத்திருந்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர் இக்பால் பாய். இந்த டிரம் வந்திறங்கிய நாளில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டவர். வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான் என்கிற ரகம். சனிக்கிழமை கப்பலில் அனுப்புகிறேன் என்று அந்த ஊர்க்காரர்களிடம் போனில் சொல்லிவிட்டார். மெஷின் சுத்தமாக இருக்கிறது என்ற பேப்பரில் டேனரி சார்பாக அவர் கையெழுத்துப் போடுவார். பார்த்துச் சரி சொன்னவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

"பாருங்க மேடம், கண்ணாடி மாதிரி இருக்குது. வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கறை ஒட்டினு இருந்துச்சு. நேத்துதான் ஆசிட் போட்டு கழுவி எடுத்தோம்" என்றார்.

டிரம்மின் வாய் ஜன்னல் அளவு இருந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினேன். அடடா... வெளிச்சம் அந்த ஸ்டீல் வளைவில் பட்டு, வழுக்கி, ஒரு சுற்று சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. வெளியே ஃபோர்க்லிஃப்ட் சத்தம், ஆட்கள் சத்தம் எதுவும் கேட்கவில்லை. "ஹலோ" என்றேன், சும்மா ஒரு ஆசைக்கு. என் குரலும் மெதுவாக ஒரு சுற்று போய்விட்டு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. இக்பால் பாய் செருமிய பிறகுதான் தலையை வெளியே எடுத்தேன்.

பேப்பரில் ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். எச்சம்? இல்லை. ஈரம்? இல்லை. வாடை?

அவர் குனிந்து நன்றாக மூச்சை இழுத்தார். நானும் இழுத்தேன்.

"சுத்தம்" என்றார் அவர்.

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாடை – இல்லை என்று எழுதினேன்.

அப்போதுதான் டிரெய்லர் டிரைவரைப் பார்த்தேன். பழனிசாமி என்று பெயர். பத்தடி தள்ளி, துண்டை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏனுங்க, இதையா ஏத்தப் போறீங்க? அழுகுன முட்டையாட்டம் நாறுதுங்களே" என்றார்.

இக்பால் பாய் சிரித்தார். "ஊருக்குப் புதுசா அண்ணே? அது ஊர் வாடை. ரெண்டு நாள் இருந்தா பழகிடும்."

"ஊர் வாடை ரோட்டுலயே வந்துச்சுங்க. இது வேறங்க. அந்த டிரம்முக்கிட்ட போனா ஜாஸ்தியா வருதுங்க."

"எங்களுக்கு வரலியே!"

"பன்னெண்டு வருசம் முட்டை லோடு ஓட்டுனவனுங்க நானு. அழுகுன முட்டை எனக்குத் தெரியாதுங்களா? இதை நான் ஏத்த மாட்டனுங்க."

நாமக்கல்காரரிடம் முட்டையைப் பற்றி யார் வாதாடுவது?

இக்பால் பாய்க்குச் சிரிப்பு போய்விட்டது. "இன்னாண்ணே பேஜார் பண்றீங்க... சனிக்கிழமை கப்பல். இன்னிக்கு ஏத்தலன்னா போச்சு. மேடம், நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொல்வது? பிறந்ததில் இருந்து இதே காற்றைச் சுவாசிக்கிற மூக்கு என்னுடையது. அவருடையதும் அதேதான். மூன்று பேர் நிற்கிறோம், அதில் இரண்டு பேர் ஆம்பூர். இந்த வாடைக்குச் சாட்சி சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே தகுதி கிடையாதே என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"பாய், கேஸ் மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"மீட்டர் ஆளு உள்ள இறங்குறப்போ வெப்போம் மேடம். இது காலியா போற டிரம். யாரு இறங்கப் போறாங்க?"

அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒருவரையும் டிரம்முக்குள் இறங்கவிட்டதில்லை. ஒரு தடவை அவசரத்துக்கு இறங்கப்போன ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். அவரிடம் வேலை பார்த்த ஒருவருக்கும் இதுவரை ஒன்றும் ஆனதில்லை. இந்தக் கேள்வியையும் கள்ளமில்லாமல்தான் கேட்டார்.

"இங்க யாரும் இறங்க மாட்டாங்க பாய். அங்க இறங்குவாங்க" என்றேன்.

அவர் ஸ்டோருக்கு ஆள் அனுப்பி மீட்டரை எடுத்துவரச் சொன்னார்.

கயிற்றில் கட்டி உள்ளே விட்டதும் அது லேசாக முனகியது. எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முகமூடி போட்ட இரண்டு பேர் டிரம்முக்கு அடியில் ஓடும் குழாயின் மூடியைத் திருகினார்கள். மீட்டர் அலற ஆரம்பித்தது. கறுப்பாக, கெட்டியாக ஒரு சேறு வழிந்தது. டிரம்மைப் பளபளவென்று கழுவியவர்கள் அந்தக் குழாயை மறந்துவிட்டார்கள். போதாக்குறைக்குப் பளபளப்புக்காக ஊற்றிய ஆசிட் இறங்கிப் போய் அந்தச் சல்பைடு சேற்றோடு கலந்து, விஷவாயுவைக் கிளப்பிக்கொண்டு இருந்திருக்கிறது.

அந்த வாயுவுக்கு இன்னொரு குணம் உண்டாம். அளவு அதிகமானால் முதலில் மூக்கை மரக்கவைத்துவிடும். வாடை நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று ஆள் உள்ளே போவார்.

நான் தலையை உள்ளே விட்டு ஹலோ சொன்னேனே... பயம் பாதி, வெட்கம் பாதி. நான் எழுதிய பேப்பரைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். டிரெய்லர் வெறும் கன்டெய்னரோடு திரும்பியது. பழனிசாமி அண்ணன் கிளம்பும்போது, "தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல பட்டதச் சொன்னனுங்க" என்றார். எதற்குத் தப்பாக எடுப்பது? இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். மேற்கே மலை ஊதா நிறமாக மாறிக்கொண்டிருந்தது. பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. ஒவ்வொரு மூச்சாக இழுத்துப் பார்த்தேன். யார் வீட்டிலோ வெங்காயம் வதக்குகிறார்கள். யாரோ சாம்பிராணி போடுகிறார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. அந்தக் காற்றிலேயே இன்னொன்றும் மிதந்து வருகிறது, ரோட்டில் போகிற வெளியூர் பஸ்காரர்கள் எல்லாம் ஜன்னலை மூடுகிறார்கள், எனக்கு மட்டும் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் நாகர்கோவில்காரர், ஸ்கூல் வாத்தியார். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மாதம் கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் தெளித்துக்கொண்டு திரிந்தார். எப்படித்தான் இந்த ஊரில் இருக்கிறீர்களோ என்று கேட்டுக் கேட்டு என்னை அழவைத்தவர். நம்மிடம் வீட்டிலேயே ஒரு வெளியூர் மூக்கு இருக்கிறதே என்று சந்தோஷமாகக் கூப்பிட்டேன்.

"ஏங்க, இப்ப வாடை அடிக்குதா?"

அவர் காற்றை மோந்து பார்த்தார். "இன்னா வாடை?"

இன்னா... நாகர்கோவில்காரர் வாயில் இன்னா! எந்த நாளில் அவர் வாய் ஆம்பூராச்சு, எந்த நாளில் மூக்கு ஆம்பூராச்சு? அவரும் குறித்து வைக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அவர் மேல் திடீரென்று பெரிய பிரியம் வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அப்படியே கண்ணை மூடினேன். கப்பல் போகிறது. மூடிய கன்டெய்னர், மேலே வெயில், சுற்றிலும் நீலம். உள்ளே இருட்டில் அந்த டிரம். அடியில், குழாய்க்குள், அது மெதுவாகக் கூடிக்கொண்டே இருக்கிறது. வாரக்கணக்கில் யாரும் அருகில் இல்லை. பிறகு ஒரு காலை நேரம். நான் பார்த்தே இராத ஊர். கன்டெய்னர் கதவு திறக்கிறது. ஒருவர் வருகிறார், பேப்பரைப் பார்க்கிறார். வாடை – இல்லை. பக்கத்தில் என் கையெழுத்து. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டுகிறார்... அவருக்கும் சும்மா ஒரு ஹலோ சொல்ல ஆசை வருமா? அவர்கள் பாஷையில் அதற்கு என்ன வார்த்தை?

யார் அந்த ஆள்?

புதன்கிழமை, சரக்கு ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு மெயில் எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன் – டிரம்மைத் திறக்கப்போவது யார், பெயர் சொல்ல முடியுமா? இப்படிக் கேட்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. என் வேலைக்கும் அது தேவை இல்லை. எனக்குத் தேவையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி டேனரிக்குப் போனேன். இரண்டு நாளாகக் குழாயையும் அதோடு சேர்ந்த பம்பையும் தனித்தனியாகக் கழற்றி, கெமிக்கல் தெரிந்த ஆட்களை வைத்து முறைப்படி சுத்தம் செய்து, காயவைத்து மாட்டியிருந்தார்கள். காலையில் மீட்டர் எல்லா இடத்திலும் பூஜ்யம் காட்டியது. நானே கூட நின்று பார்த்தேன். அதே நம்பரைத்தான் வாடை என்ற வரிக்கு எதிரே இந்தத் தடவை எழுதினேன்.

இக்பால் பாய் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தார். கொடுத்த வார்த்தை தவறிய கோபம். பேனாவை எடுத்தார்.

"எல்லாம் முடிஞ்சுதில்ல மேடம்? இதுக்கு மேல அவங்க பாடு. அங்க யாரு தொறக்கப் போறாங்களோ, யாருக்குத் தெரியும்."

"தெரியும் பாய். மெயில் வந்துச்சு. மெயின்டனன்ஸ்ல ஒரு பொண்ணு. பேரு அல்மாஸ்."

பேனா நின்றது.

"அல்மாஸா? நம்ம தெருவுலயே நாலு அல்மாஸ் இருக்குது மேடம்."

பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடி பாக்கெட்டில் செருகிக்கொண்டு, டிரம் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அந்தக் குழாயக் கழட்டுங்கப்பா. இன்னொரு தண்ணி விட்டு அலசிடலாம்."

மீட்டர் காலையிலேயே பூஜ்யம் காட்டிவிட்டதை நான் ஞாபகப்படுத்தவில்லை.