நீல மணி போன இடம்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் மெத்தோதி மாமாவுக்கு டிராலிபஸ் ஓட்டத் தெரியும். வேறு எதிலும் முடிவெடுக்கத் தெரியாது. அந்த பஸ்ஸுக்கு மேலே மின்சாரக் கம்பி இருக்கிறது, அது போகிற வழியில் போனால் போதும். வீட்டில் அந்தக் கம்பியாக இருந்த ஸ்தோயங்கா அத்தை, கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இத்தாலி போய் ஆறு வருஷமாகிறது. அவர் விட்டுப்போன ரோஜா நிற வீட்டுச் செருப்பை மாமாதான் காலில் போட்டுத் தேய்க்கிறார்.

மார்ச் பிறந்ததும் எங்கள் நாட்டு வழக்கப்படி நாங்கள் எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் கட்டிக்கொள்வோம். மரம் பூத்ததும் அதை அவிழ்த்து, ஒன்றை வேண்டிக்கொண்டு கிளையில் கட்டிவிட வேண்டும். அத்தை அனுப்பிய நூலில் ஒரு நீல மணி கோத்திருந்தது. மாமா அதைக் கீழே வாசலில் நின்ற பிளம் மரத்தில் கட்டினார். என்ன வேண்டினார் என்று சொல்லவில்லை. அந்தச் செருப்போடு கீழே வந்த மனிதர் வேறென்ன வேண்டியிருப்பார்?

பிறகு அத்தை போனில் சொன்னார்: "பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைச்சு வை. ஈஸ்டருக்கு வந்து பாக்கறேன். பிடிச்சா அப்படியே இருந்துடறேன்."

அதே வாரம், அந்தப் பால்கனி அலமாரியில் காலி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு செவ்வால் குருவி கூடு கட்டத் தொடங்கியது. என் பூனையை வாரிய முடியை எங்கள் பால்கனிக் கம்பியில் செருகி வைத்தேன். பூனையின் அழகுக்காக வாரியதுதான், வேறொன்றுமில்லை. முடியெல்லாம் கூட்டுக்குப் போனது. ஒருநாள் கூட்டிலிருந்து நீல மணி தொங்கியது.

"மாமா, உங்க வேண்டுதல் குடியேறிடுச்சு."

"டேய், கிளையிலேர்ந்து உருவிட்டா பலிக்குமா, பலிக்காதா?"

"குருவியைத்தான் கேக்கணும்."

"போடா கழுதை."

கண்ணாடி போட லாச்சோ வந்தபோது முட்டையும் வந்திருந்தது.

"கூட்டைத் தூக்கி மரத்துல வச்சுடலாமே," என்றார் லாச்சோ.

"அதுல என் நூல் இருக்குப்பா."

"அப்ப நூலை உருவிக்கோங்க."

மாமா கை நீட்டினார். குருவி வாலை நடுக்கியபடி அவரையே பார்த்தது. கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அடைச்சாத்தான் அவ இருப்பா. அடைச்சா இது போயிடும். நீயாவது ஏதாவது சொல்லேன்டா!"



கடைசியில் அவரே சொன்னார்: "ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் விட்டுடு."

ஈஸ்டருக்கு முன்தினம் அத்தை வந்தார். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார்.

"மெத்தோதி, என்ன இது ஓட்டை? காத்து அள்ளிட்டுப் போகுது!"

அதற்குள் குருவி ஓட்டை வழியாக வந்து கூட்டில் உட்கார்ந்தது. அத்தை மணியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு அவர் காலைப் பார்த்தார்.

"முதல்ல என் செருப்பைக் கழட்டு."

அதை மாட்டிக்கொண்டு, கோட்டைக் கழற்றாமலே ஜாடிகளுக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார். "குஞ்சு பறக்கற வரைக்கும் அந்தக் கண்ணாடியைப் போட வேண்டாம்."

மாமா வெறுங்காலோடு எங்கள் பால்கனித் தடுப்பு வரை வந்து என்னிடம் கிசுகிசுத்தார்.

"டேய், இருக்கப் போறாளா?"

பெட்டி இன்னும் வாசலில்தான் இருந்தது.

"தெரியல மாமா," என்று சொல்லிவிட்டுப் பூனையை வாரப் போனேன்.