பதினாறு போதும் என்றேன்

கடைக்காரர் இரண்டு டேப்லெட்டுகளைக் கண்ணாடி மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் பதினாறு ஜிபி இடம், மற்றதில் அறுபத்து நான்கு. பெரியதில் மேலதிகமாக ஒரு மெமரி கார்ட் போடவும் வசதி இருந்தது, சின்னதில் இல்லை. விலை வித்தியாசம் பதினோராயிரம் ரூபா. கனடாவில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துக் கதைக்கவும் நாலைந்து படம் எடுக்கவும் இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டேன்.

"சேர், வீடு கட்டின உடன எல்லாருக்கும் பெரிசாத்தான் தெரியும். பிறகுதானே சொந்தக்காரர் வரத் தொடங்குவினம்," என்றார் அவர்.

"எங்கட வீட்டுக்கு ஆர் வரப்போயினம்?" என்றாள் என் மனைவி. "இவர் தேத்தண்ணிக்குச் சீனியை எண்ணிப் போடுறவர்."

இருவரும் சிரித்தார்கள். நான் பதினாறு போதும் என்று சொல்லி அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே தேடிப் பார்த்தபோது, அந்தப் பதினாறில் ஒன்பதை அந்தச் சாதனமே தன் தேவைக்கு எடுத்திருந்தது. எனக்கு மிச்சம் ஏழு. நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் எண்ணிக்கைக் கிளாக்கராக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூடைகளை எண்ணிக் கோடு போடுவது என் வேலை. நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். பதினாறு என்று எழுதிய இடத்தில் ஏழு இறங்கினால் அன்றைக்கு யாருக்கோ வேலை போகும். கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். எல்லாம் அப்படித்தான் சேர் என்றார்கள்.

வாங்கித் தொண்ணூற்றேழாம் நாள் அந்தக் கடையைக் கடந்து போனேன். என்னுடையதன் அடுத்த பதிப்பு கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. அறுபத்து நான்கு ஜிபி, நான் கொடுத்த அதே விலை. என்னுடையதை மாற்றித் தரக் கேட்டேன். பழையதை இப்போது ஒருவரும் எடுக்க மாட்டார்கள் என்றார் கடைக்காரர். தொண்ணூற்றேழு நாளில் பழையதா என்று கேட்டேன். அவர் கடை வாசலைப் பார்த்தார். வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் வீட்டில் அந்த ஏழு ஜிபியைப் பற்றியே புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை மிச்சம் என்று காலையிலும் மாலையிலும் பார்ப்பேன்.

அந்த வருடக் கடைசியில் என் மனைவியின் குரல் கரகரத்தது. தடிமன் என்றுதான் இருவரும் நினைத்தோம். ஏழு கிழமையாகியும் மாறவில்லை. பெரியாஸ்பத்திரியில் பார்த்து, கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த டொக்டர் குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்றார். அதன் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. பேச ஏலாது.

திரும்பி வரும் வழியில் அவள் அழவில்லை. கந்தளாய் தாண்டி ஊரை நெருங்கியதும் என் பக்கம் திரும்பி, "அப்ப செபமாலையை ஆர் முன்னெடுக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் வீட்டில் மாலையில் செபமாலை சொல்லாத நாள் இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒவ்வொரு மங்கள வார்த்தைச் செபத்திலும் முன்பாதியை அவள் சொல்வாள், பின்பாதியை நான் சொல்வேன். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் அப்படித்தான். யேசுவின் வாழ்விலிருந்து நினைவுகூரும், நாளுக்கு நாள் மாறும் ஐந்து தேவ இரகசியங்களை இடையிடையே அறிவிப்பதும் அவள்தான். நாற்பத்து மூன்று வருடத்தில் முன்பாதி என் வாயால் ஒரு நாளும் வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் டேப்லெட்டை மேசையில் நிமிர்த்தி வைத்து வீடியோ எடுக்கச் சொன்னாள். முதலில் குரல் பதிகிறதா என்று பார்க்க ஒரே ஒரு முன்பாதியைச் சொன்னாள். பதின்மூன்று வினாடி. கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு செருமல். போட்டுக் கேட்டோம், பதிந்திருந்தது. பிறகு முழுச் செபமாலையையும் தொடங்கினாள். என்னை வாயே திறக்கக்கூடாது என்றாள். தன் பாதியைச் சொல்லி முடித்ததும் என் பாதிக்கு வேண்டிய நேரம் பேசாமல் இருந்தாள். அந்த இடைவெளியில் நான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அளவு காட்டினேன். நாற்பத்தொரு நிமிடம் எடுத்தது. நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள். மூன்றாம் தேவ இரகசியத்துக்கு மேல் குரல் நூலாகப் போய்விட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"இனி இதைப் போட்டிட்டு நீங்கள் உங்கட பாதியைச் சொல்லுங்கோ," என்றாள். "நானும் பக்கத்தில இருப்பன்தானே."

திங்களுக்கும் புதனுக்கும் உரியவற்றையும் பதிய வேண்டும் என்று அவள் விரும்பினாள். நான் எண்ணிப் பார்த்து, இடம் இல்லை என்றேன். இந்த ஒன்றே மூன்று ஜிபி பிடித்திருந்தது. மகளுக்கு அனுப்பி வைக்கலாம் என்று இரண்டு தடவை முயன்றேன். அளவு கூடிவிட்டது என்று போகவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் புறப்பட்ட காலையில் கொழும்புக்குப் போக வாடகை வான் வாசலில் வந்து நின்றது. போகுமுன் மகளோடு கதைத்துவிட்டுப் போக வேண்டும். மகள் தாயின் குரலைக் கேட்கும் கடைசிக் கதை அது. அங்கே அவள் வேலை முடிந்து வந்து காத்திருந்தாள். நான் டேப்லெட்டைத் தட்டினேன். கதைக்கும் அந்தச் செயலி திறக்கவில்லை. பழைய பதிப்பு இனி வேலை செய்யாது, புதியதை இறக்கு என்றது. இறக்கப் போனேன். இடம் போதாது என்றது.

சாரதி ஹோர்ன் அடித்தார். மனைவி கைப்பையோடு கதிரையில் இருந்தாள். உள்ளே இருந்தவற்றை எண்ணினேன். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று படமும் வீடியோவும். ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தால் எத்தனையை அழிக்க வேண்டி வரும், எவ்வளவு நேரம் எடுக்கும்? பெரியது முதலில் வரும்படி அடுக்கினேன். முதலாவதாகச் செபமாலை நின்றது. அந்த ஒன்றை எடுத்தால் போதும்; மற்ற இருநூற்றுப் பன்னிரண்டும் தப்பும்.

நான் எண்ணியது இப்படித்தான். துறைமுகத்தில் மூடைக்கு ஒரு கோடு. மூடைக்குள் என்ன, எவ்வளவு பாரம் என்பது வேறு ஆளின் வேலை. அந்த நாற்பத்தொரு நிமிடத்தில் இருப்பது ஒரே செபம், ஐம்பத்து மூன்று தடவை. அந்த ஒன்று பதின்மூன்று வினாடி வீடியோவில் தனியாக இருக்கிறது. அதை ஐம்பத்து மூன்று தடவை போட்டால் கணக்குச் சரி. நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. ஓம் என்று அமத்தினேன்.

செயலி இறங்கியது. தாயும் மகளும் ஆறு நிமிடம் கதைத்தார்கள். மகளுக்கு அழுகையில் பாதி கேட்டிருக்காது. நான் சரியாகத்தான் செய்தேன் என்று கொழும்பு போகும் வரை நினைத்தேன்.

மூன்று கிழமையில் வீட்டுக்கு வந்தோம். கழுத்தில் வெள்ளைத் துணி, கையில் ஒரு கொப்பி, பேனை. அன்று மாலையே அவள் செபமாலையை எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள், மேசையைக் காட்டினாள். டேப்லெட் சார்ஜ் ஏறுகிறது என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அந்தப் பதின்மூன்று வினாடியைப் போட்டேன்.

அவள் குரல் வந்தது, கடைசியில் செருமல். நான் என் பாதியைச் சொன்னேன். மறுபடி போட்டேன். அதே குரல், அதே இடத்தில் மூச்சு, அதே செருமல். மூன்றாவதையும் போட்டேன். நாலாவதுக்கு விரலைக் கொண்டு போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள். கொப்பியை எடுத்து எழுதினாள்: "முழுசு எங்க?"

நான் சொன்னேன். வான், மகள், செயலி, பதினாறு ஜிபி, கடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த பதிப்பு வரும்வரை வாங்காமல் பொறுத்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: "எத்தனை மிச்சம் வச்சனீங்கள்?"

"இருநூற்றுப் பன்னிரண்டு."

அவள் டேப்லெட்டை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மின்சார மீற்றர், மாதத்துக்கு ஒன்றாக. தண்ணீர் மீற்றர். மருந்துத் துண்டுகள், முன்னும் பின்னும். கடற்கரையில் இருந்து நான் எடுத்த கப்பல்கள் எழுபத்தாறு. அவற்றில் பல ஒரே கப்பல். யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள். டேப்லெட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அந்தத் திரையையே எடுத்த படங்கள் முப்பத்தொன்று. அவள் இருந்தது பதினொன்றில். வாய் திறந்து கதைத்தது இரண்டில். ஒன்று அந்தப் பதின்மூன்று வினாடி. மற்றதில் மீன்காரரிடம் பாரைக்குட்டி பழசு என்கிறாள். கமரா அவளைப் பார்க்கவில்லை, தராசைப் பார்க்கிறது.

அவள் கொப்பியை மூடினாள். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அடுத்த நாள் அதே கடைக்கு அதைக் கொண்டுபோனேன். அழித்ததைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு பகல் முழுவதும் வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் புதியது வந்து இருந்துவிட்டது சேர், ஏலாது என்றார். காசு வாங்கவில்லை. இம்முறை பெரியதைக் காட்டவும் இல்லை.

இப்போது இரண்டு பாதியையும் நான்தான் சொல்கிறேன். முன்பாதி எனக்கு இன்னும் வழுக்குகிறது. எந்த நாளுக்கு எந்தத் தேவ இரகசியம் என்பதையும் மாற்றிவிடுகிறேன். பிழை விட்டால் அவள் கதிரைக் கையில் விரலால் தட்டுவாள். நான் திரும்பத் தொடங்குவேன். முதல் கிழமையில் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தடவை தட்டினாள்.

போன செவ்வாய்க்கிழமை துக்க தேவ இரகசியங்களுக்குப் பதிலாகத் திங்கட்கிழமைக்குரிய சந்தோஷ தேவ இரகசியங்களை அறிவித்தேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டுவாள் என்று நிறுத்தி அவளைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. கை கதிரைக் கையில்தான் இருந்தது. கழுத்துத் துணி ஏறி இறங்கியது. தட்டவில்லை. நான் பிழையாகவே கடைசி வரைக்கும் சொல்லி முடித்தேன்.