யானை வெடி போடுகிற நேரம்

என் வலது மணிக்கட்டை முறித்தவர் என் கணவர். என்னைச் சாகவிடாமல் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் முறித்தார். அதை ஆஸ்பத்திரியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் காணி உடையார்கட்டில் வயலோடு ஒட்டிக் கிடக்கிறது. கதிர் முற்றுகிற நாட்களில் யானைகள் காட்டை விட்டு இறங்கும். பொழுதுபடும் நேரம் வயல்காரர் யானை வெடியைக் கொளுத்தி எறிவார்கள். ஊதுபத்தி மணக்கிற கோயில் வெடி மாதிரி இல்லை அது. வெடித்தால் கூரை ஓடு அதிரும், குசினியில் சட்டி மூடி ஆடும்.

மற்ற நேரங்களில் என் கணவர் சாது. வயது போய் நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகும் என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். சாப்பிட்டதை மறப்பார், மகளின் பெயரை மறப்பார். வெடிச் சத்தத்தை மட்டும் அவர் உடம்பு மறக்கவில்லை. சத்தம் கேட்டால் ஊன்றி நடக்கிற பொல்லை எறிந்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிற ஆளைக் கழுத்தில் பிடித்து நிலத்தில் அடிப்பார். பக்கத்தில் நிற்பது நான்தான்.

கடைசிச் சண்டைக் காலத்தில் இதே காணியில் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டி இருந்தோம். ஒரு நாள் காலை நான் கிணற்றடியில் நிற்க, ஷெல் கூவிக்கொண்டு வந்தது. இவர் ஓடிவந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்து, முகம் குப்புற விழுத்தி, மேலே படுத்தார். வாய் நிறைய மண். முன்பல் உடைந்துவிட்டது. எழும்பிப் பார்த்தால், என்னோடு தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற பெண் கிணற்றுக் கட்டில் இரண்டாகக் கிடந்தாள். வாளிக்கயிறு அவள் கையில் சுற்றினபடியே இருந்தது. இவர் என்னை விழுத்தியிருக்காவிட்டால் நானும் அப்படித்தான் கிடந்திருப்பேன்.

போன காலபோக நெல் முற்றிய நேரம், யானை வெடி வெடித்தபோது நாங்கள் விறாந்தைப் படியில் நின்றோம். பங்கர் இருந்த இடத்தில் இப்போது வாழைகள் நிற்கின்றன. "படடி! படு!" என்று கத்தி, என் கழுத்தைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தார். இருவரும் சீமெந்துப் படியால் உருண்டோம். என் கை எனக்குக் கீழே மடிந்து முறிந்த சத்தம், காய்ந்த தென்னை மட்டை முறிகிற மாதிரிக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்.

"ஆச்சி, மனுசன் அடிச்சவரே?"

"இல்லைப் பிள்ளை. விழுந்தனான்."

"ஓம் ஓம். நானும் அப்பிடித்தான் விழுந்தனான்," என்று வீங்கிய கண்ணைக் காட்டினாள்.

மருந்து கட்ட வந்த நேர்ஸ் மிஸ் என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தா. "அம்மா, விரல் அடையாளம் கிடக்கு. படியோ உங்கடை கழுத்தைப் பிடிச்சது?"

வார்டே சிரித்தது. நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

வவுனியாவில் குடும்பமாக இருக்கும் மகள் அன்றைக்கே வந்தாள். அவளுக்கு நடந்தது தெரியும். அதனால்தான் அவளுக்குப் பயம் இன்னும் கூட.

"இன்னொருக்கா உங்களிலை ஒரு காயம் கண்டனெண்டால், உங்களை என்னோடை கூட்டிக்கொண்டு போயிடுவன். அப்பாவை முதியோர் இல்லத்திலை விடுறதுதான்."

"அங்கை ஆர் அவருக்குச் சோறு குழைச்சுக் குடுக்கிறது?"

"நீங்கள் உயிரோடை இருந்தால்தானே குழைப்பியள்!"

வீட்டுக்கு விடும்போது மிஸ் விழாமல் இருக்க வழி சொல்லித் தந்தா. "வயசு போன எலும்பு முருங்கைக் கொப்பு மாதிரியம்மா. இடுப்பு முறிஞ்சால் பிறகு எழும்பேலாது." வாசலில் கால் துடைக்கிற சாக்கை எடுக்க வேண்டும், கழிவறைக்குப் போகிற வழியில் லைற் போட வேண்டும், தேய்ந்த செருப்பை எறிய வேண்டும், படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டும். எல்லாம் செய்தேன். பக்கத்து வயல்காரத் தம்பிதான் இரும்புப் பைப் கொண்டுவந்து படியோரம் சீமெந்து வைத்து நட்டுத் தந்தான். வெடிக்கு என்ன செய்வது என்று மிஸ் சொல்லவில்லை. கேட்க எனக்கு வெட்கம்.

வெடி எறிகிறவனும் அதே தம்பிதான். அவனிடம் சொல்ல வேலிக்கரைக்குப் போவேன், நிற்பேன், திரும்பி வருவேன். கடைசியில் அவனே கேட்டான்.

"என்னம்மா, ஒவ்வொரு நாளும் என்ரை வேலியை அளக்கிறியள்? காணி பிடிக்கிற யோசினையோ?"

சொன்னேன்.

"அட, இதுக்கே! எறிய முதல் கூப்பிடுறன்."

அதன் பிறகு பொழுதுபட வயலிலிருந்து குரல் வரும். "அம்மா, போடப்போறன்! ஐயாவை இருத்துங்கோ!" நான் பாயை விரித்து இவரைச் சுவரோடு இருத்தி, பக்கத்தில் நானும் இருந்து, இவருடைய காதுகளைப் பொத்திக்கொள்வேன். வெடித்ததும் உதறி எழும்பப் பார்ப்பார். என் தலையைப் பிடித்துப் பாயில் அமத்துவார். நெற்றி நோகும், அவ்வளவுதான். தரையில் இருக்கிற ஆளுக்கு விழுவதற்கு உயரம் இல்லை.

இந்தப் போகம் ஒருநாள் யானை வேலியை முறித்துக்கொண்டு எங்கள் வாழைக்குள்ளேயே வந்துவிட்டது. கூப்பிட அந்தத் தம்பிக்கு நேரம் இருக்கவில்லை. நாங்கள் கால் கழுவிவிட்டு மேற்படியில் நின்றோம். வெடி முற்றத்துக்குப் பக்கத்திலேயே வெடித்தது.

அவருடைய கை என் கழுத்துக்கு வந்தது. கீழே அதே படிகள். நான் இடது கையைப் பைப்பில் வளைத்துக் கொளுவினேன். எலும்பு ஒட்டின வலது கையால் அவருடைய இடுப்புச் சாரத்தை முடிச்சோடு பிடித்தேன்.

"படடி! ஷெல் வருது, படடி!"

"மாட்டன்! நில்லுங்கோ!"

வாயில் குத்தினார். உதடு வெடித்து இரத்தம் கழுத்தால் ஓடியது. முழங்காலால் வயிற்றில் இடித்தார். என் மயிரைப் பிடித்துத் தலையைத் தூணில் அடித்தார். வாழைகள் மளமளவென்று சரிந்தன, யானை பிளிறியது, இன்னொரு வெடி. அவர் முழுப்பாரத்தோடும் கீழே சரிந்தார். எனக்கு இரண்டு கை காணாது. அவர் தோளில் பல்லைப் பதித்துப் பிடித்தேன்.

"சாகப்போறாய், சனியனே! படு!"

"செத்தால் நிண்டு சாவம்!"

என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்ததை அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. திகைத்து என்னைப் பார்த்தார். யானை வயலுக்குள் இறங்கிப் போகிற சத்தம் தூரத்தில் தேய்ந்தது. அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. இருவரும் விழவில்லை.

கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர் பதறிப் போனார்.

"இஞ்சரும், ஆர் உமக்கு அடிச்சது?"

நான் முந்தானையால் உதட்டைப் பொத்தினேன்.

"ஆரெண்டு சொல்லும். வெட்டிப்போடுவன் அவனை." பொல்லைத் தேடி எழும்பினார்.

"ஒருத்தரும் அடிக்கேல்லை. வழுக்கி விழுந்தனான்."

"பார்த்து நடக்கத் தெரியாதே உமக்கு?" என்று பேசிவிட்டு, தோளில் கிடந்த துவாயை நனைத்துத் தரச் சொல்லி, என் உதட்டைத் துடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். படலையடியிலேயே என் முகத்தைக் கண்டு நின்றுவிட்டாள். நான் வாய் திறக்க முதல் அவர் சொன்னார்.

"கொம்மா விழுந்திட்டா பிள்ளை. நான் சொல்லச் சொல்லக் கேக்கிறேல்லை."

அவள் அவரைப் பார்க்கவில்லை. "உடுப்புகளை எடுங்கோ அம்மா" என்றாள். பிறகுதான் அவருடைய வெறும் தோளைக் கண்டாள். பற்கள் பதிந்த இடம் கறுத்துப் போயிருந்தது.

"உது என்ன, அப்பாவின்ரை தோளிலை?"

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கும் புதினம்.

"நான் கடிச்சனான்," என்றேன். "விழப் பார்த்தார். பிடிக்கக் கை காணேல்லை."

மகள் முறிந்து கிடந்த வாழைகளைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றாமல் வந்து பைப்பை இரண்டு கையாலும் பிடித்து, பிடுங்குகிறவள் போல ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. கன நேரம் அதைப் பிடித்தபடியே நின்றாள்.

"அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கோ," என்றாள். "மற்றப் பக்கத்துக்கும் ஒண்டு நடச் சொல்லுவம்."