வேண்டாதவர் சாட்சி

போன வாரம் திருக்கனூர் போகிற வழியில், மின்கம்பத்தில் ஒரு புது ஃபிளெக்ஸ் பார்த்தேன். ஏதோ ஒரு கிறிஸ்தவச் சபையில், நிர்வாகம் பார்க்கும் மூப்பர் பதவிக்குத் தேர்தலாம். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, தலைக்கு மேல் பறக்கும் புறா, கீழே 'ஆவிக்குரிய தலைவருக்கே உங்கள் வாக்கு'. எனக்கு முதலில் சட்டைமேல்தான் சந்தேகம் வந்தது. சந்தேகம் என் பிறவிக் குணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றில் நான் பார்த்த முதல் வேலையே டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்ப்பது. இன்றும் உறவுக்காரர் வீட்டில் ஊறுகாய்ப் பாட்டிலைக் கண்டால் கை தானாக மூடிக்குப் போகிறது.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை என்றால் எனக்கு அப்பா. அவர் கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி. எவ்வளவு சோப்பு போட்டாலும் அவர்மேல் காய்ந்த கரும்புச் சோகை வாசனைதான் அடிக்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள், சோறு வடித்த கஞ்சியைச் சட்டைக்கு எடுத்து வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"இன்னா, மூப்பரு ஆவப் போறியாக்கும்?"

"போதகருதான் பேரச் சொன்னாரு. நானா கேட்டேன்?"

கேட்கவில்லைதான். ஆனால் ஆசை இருந்தது. எங்கள் சபையில் அதுவரை மூப்பரானவர்கள் எல்லாம் முன்பெஞ்சுக்காரர்கள்; வாத்தியார், ஆபீஸ் உத்தியோகம் என்று இருந்தவர்கள். கரும்பு வெட்டுகிற வீட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. அப்பா மூப்பரானால் எங்கள் தெருவே மூப்பரான மாதிரி.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. மூப்பராகப் போகிறவரின் குணத்தைப் பற்றிச் சபைக்குள் விசாரிக்க மாட்டார்கள். சபைக்குள் எல்லாரும் பரிசுத்தவான்கள்தானே! வெளியே, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்பார்கள். அதற்கு 'வேண்டாதவர் சாட்சி' என்று பெயர். அந்த வேண்டாதவர், கோபக்காரன் என்பார், கஞ்சன் என்பார். அதெல்லாம் பரவாயில்லை. குடி, பொய், பெண் விஷயம் வராவிட்டால் போதும், ஆள் தேறிவிடுவார். என்னைப் போல ஒரு சந்தேகப் பிராணிதான் இதை ஆரம்பித்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு வேண்டாதவர் கலியபெருமாள். ஏரி ஓரத்தில் கரும்பு போட்டிருந்தவர். வெட்டு நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார். அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டு, மொத்தக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்சக் கரும்பு நின்றபடியே காய்ந்தது. அதிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால், ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கிச் செயினைப் பார்ப்பார். மற்றவருக்கு வானத்தில் ஏதாவது தெரியும்.

போதகரும் சபையார் சிலரும் அவரிடம் போன அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை. "உன்ன நாறடிக்கப் போறான்" என்றாள் அம்மா. "அடிக்கட்டும். இல்லாதத சொல்லாம இருந்தா போதும்" என்றார் அப்பா.

கலியபெருமாள் ஒரு குறையும் சொல்லவில்லை. எல்லாருக்கும் மோர் கொடுத்து, "தங்கமான மனுசன்பா. அவர விட்டா உங்களுக்கு ஆளு கெடைக்காது" என்றாராம்.

அதோடு காரியம் கெட்டது. வேண்டாதவர் புகழ்ந்தால் யார் நம்புவார்கள்? "ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள கூடிக்கினாங்க" என்றார்கள் முன்பெஞ்சில். போதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். ஒரு வாத்தியார் மூப்பரானார். அவருக்கு வேண்டாதவர் ஒழுங்காகத் திட்டியிருந்தார்.

அப்பாவுக்குச் சபைமேல் கோபமில்லை. சாப்பிடும்போது திடீரென்று கேட்பார்: "திட்டியிருந்தா நான் ஆயிருப்பேன். அது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?" தெரியும் என்பது என் கட்சி. ஊரறிந்த வழக்கம், புகழ்ந்தே கவிழ்த்துவிட்டார். "அந்தாளுக்கு ஏது அவ்ளோ மூள?" என்பாள் அம்மா. அப்பாவுக்கு இரண்டிலும் நிம்மதி இல்லை. கலியபெருமாள் சொன்னது பொய்யென்றால் ஏமாந்தது வலித்தது. நிஜமென்றால், அப்படிச் சொன்ன மனிதரோடு பேசாமல் இருப்பது வலித்தது. போய்க் கேட்டுவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். போகவே இல்லை. எனக்கு அந்த ஆள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவை அடக்கம் செய்த அன்று கலியபெருமாள் வந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் வெளியிலேயே நின்றார். நான் நேராகப் போய்க் கேட்டேன்.

"அன்னிக்கி ஏன் அப்டி சொன்னீங்க?"

"உள்ளதத்தாம்மா சொன்னேன். அந்தப் பொண்ண நான் பேசுனது தப்பு. அத என் மூஞ்சிக்கு நேரா காட்டுன ஒரே ஆளு உங்கப்பாதான்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் நான் திருகித்தான் பார்த்தேன். "இத வூட்டுக்கு வந்து அவருகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"எப்டிம்மா வர்றது? நாங்கதான் பேசிக்கறது இல்லியே."

அந்த வழக்கத்தைச் சபை எப்போதோ விட்டுவிட்டது. கலியபெருமாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். என்னோடு பேசாதவர்கள் இப்போதும் நிறையப் பேர் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஏதோ வாட்ஸ்அப் குரூப் சண்டையில் என் நம்பரை பிளாக் செய்தவர்கள். இவள் எப்படிப்பட்டவள் என்று அவர்களிடம் போய்க் கேட்டால், திட்டுவதற்குக்கூட அவர்களுக்கு என்னைத் தெரியாது.