கடைசித் தாள் இல்லாத கதைகள்

அந்தக் காமிக்ஸ் ஓவியரின் புத்தகங்களைப் பிரசவத்துக்குப் பிறகுதான் படித்தேன். மரக்காணத்தில் எங்கள் வீட்டுப் பரணில், என் கணவர் சிறுவயதிலிருந்து சேர்த்த அவருடைய காமிக்ஸ் ஒரு பெட்டி நிறைய இருந்தது. உப்புக் காற்று காகிதத்தைக் காயவிடாது. பின்னட்டையும் கடைசித் தாளும் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்துவிடும். பாப்பாவுக்குப் பால் கொடுத்தபடியே ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் பட்டது. அவர் கதைகளில் ஒரு குழந்தை கொழுகொழுவென்று சிரித்தால், அடுத்த பக்கத்தில் அது காணாமல் போய்விடும்.

அதனால்தான், புதுச்சேரியில் நடக்கும் காமிக்ஸ் ரசிகர் சந்திப்புக்கு அவரே வருகிறார், பாப்பாவை அவர் கையால் வரைந்து வாங்கலாம் என்று கணவர் துள்ளியபோது நான் பாப்பாவை மடியோடு இழுத்துக்கொண்டேன். பாப்பா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்போதுதான் தேறியிருந்தாள். காரணத்தைச் சொன்னால் கணவர் சிரிப்பார். எம்.எஸ்சி. படித்தவள் பேசுகிற பேச்சா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. பாப்பாவின் கன்னத்தில் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு வைத்து, மை டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் நீண்ட வரிசை. ஓவியர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கூரைக்குக் கீழே எதற்குக் கறுப்புக் கண்ணாடி? மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர், பாப்பாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு நிமிரவே இல்லை. ஒரு பார்வையில் ஒரு முகத்தை எடுத்துக்கொள்ள முடியுமா? எடுத்துக்கொண்டால் எங்கே வைத்துக்கொள்வார்?

படம் அச்சு அசல் பாப்பாதான். ஆனால் பொட்டை மட்டும் விட்டுவிட்டார். கன்னம் பளிச்சென்று இருந்தது.

"செம க்யூட்!" என்று சுற்றிலும் போன்கள் உயர்ந்தன.

நான் யோசிக்கவில்லை. டப்பாவைத் திறந்து, மையை விரலால் தொட்டு, படத்தின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

வரிசை மொத்தமும் "ஐயையோ!" என்றது. கணவருக்கு முகம் வெளுத்தது. "ஏய், என்னா பண்ணிட்ட? யாரு வரைஞ்சதுன்னு தெரியுமா?"

"அக்கா, அப்படியே ஒரு மீசையும் போட்டுடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓவியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, படம் புடிக்கலையா?"

"ரொம்ப நல்லா இருக்குது சார். அதான் பயமே. உங்க கதையில சிரிக்கிற கொழந்த எல்லாம் காணாமப் போயிடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கடைசிப் பக்கத்துல வூட்டுக்கு வந்துடுமேம்மா. படிச்சதில்லையா?"

"எங்க வூட்டு புக்குல கடைசிப் பக்கமே இல்ல சார்."

அவர் என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓவியர் படத்தைத் தன் பக்கம் இழுத்து, பொட்டில் கை படாமல் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோபமா, இல்லையா என்று தெரியவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாரோ என்றும் சந்தேகம்.

திரும்பும் பஸ்ஸில் உப்பளங்கள் கண்ணில் பட்டபோது கணவரைக் கேட்டேன்.

"ஏங்க, எல்லாக் கொழந்தையும் நெசமாவே வந்துடுமா?"

"வந்துடும்." கொஞ்ச தூரம் போனபின், "ஒண்ணே ஒண்ணு வராது. அது பழைய கதை" என்றார்.

அன்று அந்தியில் கல்லுப்பு ஒரு கைப்பிடி எடுத்து பாப்பாவுக்குத் திருஷ்டி சுற்றினேன். படம் மேசைமேல் இருந்தது. கணவர் அதை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். அதற்கும் சுற்றி, உப்பைத் தண்ணீரில் போட்டேன். கடைசிக் கல் கரையும்வரை அங்கேயே நின்றேன்.