மஞ்சள் அண்டா

பேகம்பூரில் சைனம்பு என்றால் பலருக்குத் தெரியாது. அண்டாக்கார அம்மா என்றால் பள்ளிவாசல் முனையில் நிற்கிற யாரும் வழி காட்டுவார்கள். கணவர் மவுத்தாகித் தனியாளான வருஷம் மூன்று அண்டாவோடு வாடகைத் தொழிலைக் கையில் எடுத்தவள். இன்று நாற்பது அண்டா. படிப்பு ஐந்தாம் வகுப்பு. எந்த அண்டா எந்த வீட்டில் இருக்கிறது என்று தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

நாற்பதில் ஆறு மட்டும் தனி. காதில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, தனிக் கொட்டடியில் கவிழ்த்திருக்கும். கறி வாடையே படாதவை. பழனிக்கு நடக்கிறவர்களுக்குச் சோறு போடும் கீரனூர் மலைச்சாமி, பதினெட்டு வருஷமாகத் தைப்பூசத்துக்கு அவற்றைத்தான் எடுக்கிறார். ஒரு தடவைகூட 'சுத்தமானதுதானா' என்று கேட்டதில்லை. அவர் கேட்காததுதான் சைனம்புவுக்குப் பாரம்.

அன்று காலை வாசலுக்கு வந்தவள் திகைத்து நின்றாள். கீரனூர் வண்டியில் வேலையாள் இஷாக் ஏற்றியிருந்தவை பிரியாணி அண்டாக்கள்.

“ஏலே இஷாக்! எறக்குலே கீழ! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

“சீட்டுல எட்டாம் நம்பர் அண்டா, ஒம்பதாம் நம்பர் அண்டான்னு வந்துச்சுக்கா. மிஷினே சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல?”

மிஷின் என்றது, மருமகள் ஃபாயிஸா போனில் அமைத்துவைத்த ஏஐ ஏஜெண்டை. வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரைப் படித்து, அதுவே அண்டா ஒதுக்கி, இஷாக்குக்குச் சீட்டும் அனுப்பும். இந்த வாரத்தில் இது மூன்றாவது கூத்து. திங்கட்கிழமை கழுவாத அண்டாவை நிக்காஹ் வீட்டுக்கு ஒதுக்கியது. புதன்கிழமை, அண்டா இருக்கிறதா என்று விசாரித்த ஆள் வீட்டுக்கு வண்டியையே அனுப்பிவிட்டது.

நாளை மறுநாள் சைனம்பு மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்புகிறாள். அவள் இல்லாத நாளுக்காகத்தான் இந்த ஏற்பாடே. அவள் கஃபாவைப் பார்த்து நிற்கிற நேரத்தில் கறி அண்டா கீரனூர் போய் இறங்கினால்?

“ஏம்மா ஃபாயிஸா, ஓன் மிஷினுக்குப் புத்தி கித்தி இருக்கா இல்லையா?”

“இருக்கு மாமி. வேல செய்ய அதுக்குச் சில டூல் குடுத்திருக்கேன். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு எழுதியிருக்கதப் படிச்சுத்தான் எடுக்கும்.”

“என்ன எழுதியிருக்க? வாசி.”

“‘அண்டா ஒதுக்கு: அண்டாவை ஒதுக்கும்.’”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“உப்பு டப்பாவுல ‘உப்பு: உப்பு போடும்’னு எழுதி ஒட்டுன கதையால்ல இருக்கு! எதுல போடணும், எதுல போடக் கூடாதுன்னு யாரு சொல்றது?”

“மஞ்ச பெயிண்ட்தான் எல்லாத்துக்கும் தெரியுமேன்னு...”

“நமக்குத் தெரியும். அதுக்கென்ன காலா இருக்கு, கொட்டடிக்குப் போய்ப் பாத்துட்டு வர?”

மதியம் லுஹர் தொழுதுவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சைனம்பு சொல்லச் சொல்ல ஃபாயிஸா தட்டினாள். ‘முப்பத்தைந்து முதல் நாற்பது வரை மஞ்சள் அண்டா. கறி சமைக்காதவர்களுக்கு மட்டும்.’ கோயில் பொங்கலுக்கு என்று கேட்டுப் பார்த்தார்கள், சரியாக எடுத்தது. கல்யாணத் தால்சாவுக்கு என்றார்கள். பருப்புதானே என்று மஞ்சளை நீட்டியது.

“யா அல்லாஹ்! தால்சாவுல எலும்பு கெடக்கும்னு இதுக்குத் தெரியாதா?”

“நாம எழுதலையே மாமி.”

“ஒவ்வொரு வெஞ்சனமா எழுதிட்டு நான் என்னைக்கு மக்கா போய்ச் சேர?”

எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். வந்தாள். மறுபடி போனாள். செத்த நேரம் கழித்து வந்து, “பட்டியல் போட்டு மாளாது. நான் சொல்றத அப்புடியே எழுது” என்றாள்.

‘என்ன சமைக்கப் போகிறார்கள், அதில் என்னென்ன போடுவார்கள் என்று கேட்காமல் அண்டா ஒதுக்காதே. கறி, எலும்பு, மீன், முட்டை எதுவும் இல்லை என்று அவர்களே சொன்னால்தான் மஞ்சள். கோயில், அன்னதானம் என்றால் மஞ்சளைத் தவிர எதையும் கொடுக்காதே. தீர்ந்துபோனால் இல்லை என்று சொல். சந்தேகம் வந்தால் ஒதுக்காமல் ஃபாயிஸாவைக் கேள். இது அமானிதம்.’

“அமானிதம்னா அதுக்குப் புரியுமா மாமி?”

“ஒருத்தர் நம்மள நம்பி விட்டதுன்னு சேத்து எழுது. எதையும் முழுசாச் சொல்லித் தொலைங்க.”

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கை பாத்திமாவின் போன். மகன் கல்யாணத்துக்கு அண்டா கேட்டிருந்தாள்.

“என்னக்கா, ஓன் மிஷின் என்னையவே வெசாரண பண்ணுது? தால்சாவுல எலும்பு போடுவீங்களான்னு கேக்குது!”

“போடுவியா?”

“எலும்பு இல்லாம அது என்ன தால்சா?”

“அப்ப அது குடுக்குறத வாங்கிக்க. வையி போன.”

வைத்துவிட்டு, மூன்று நாளாக மூடியே கிடந்த பெட்டியைத் திறந்து, உம்ராவுக்கான துணிகளை அடுக்க ஆரம்பித்தாள் சைனம்பு.